மருமவனுக்கு மூணு வருமானம்

ஒங்கப்பன் காட்டுல பங்கு கேட்டு அண்ணன் மேல கேசு போட இலவச வக்கீல் கெடைக்குமான்னு கேக்குத. நல்ல கேள்விதான் மருமவனே. ஆனா அதக் கேக்க, ஊர் அடங்கின பெறகு கொல்லைப்பக்கமா வந்து, காதோரமாக் குனிஞ்சு கேக்குத பாத்தியா, அதுலதான் ஒன் கௌரவம் முழுசும் தெரியுது. கள்ளச்சாவி செய்யக் குடுக்கவன்கூட இவ்வளவு பம்ம மாட்டான்.

"எங்க வகையறாவுல ஓசி வக்கீல் வச்சதில்ல மாமா"ன்னு வேற சொல்லுத. வாஸ்தவம். ஒங்க தாத்தா காசு குடுத்துத்தான் வக்கீல் வச்சாரு. ஒரு முழ வரப்புக்கு முன்சீப் கோர்ட்டுல ஆரம்பிச்சு, சப்-கோர்ட்டு, ஐகோர்ட்டுன்னு ஏறி, ஏறின ஒவ்வொரு படிக்கும் ஒரு குறுக்கம் காட்ட வித்து, கடைசியில ஜெயிச்சும் போட்டாரு. ஜெயிச்ச வரப்பு இன்னைக்கும் அங்கனதான் கெடக்கு. அதுக்கு ரெண்டு பக்கமும் இருந்த காடுதான் இப்ப வேற ஆளுக. அந்த மாதிரி ஒரு வீரம் ஒனக்கு வேணும்னா தாராளமாப் போ, நான் மறிக்கல. நாலுவழிச் சாலை ஓரத்துக் காடு, நல்ல வெலைக்குப் போவும். வழக்குல கெடைக்கப் போற காட்ட, வழக்கு நடத்துறதுக்கே வித்துட்டா ஒரு வசதி இருக்கு பாத்துக்க: பொறவு பங்கு பிரிக்க வேண்டிய சிரமமே இல்ல.

அந்த ஓசிங்கிற பேச்ச மட்டும் என்கிட்டப் பேசாத. இது யாரும் பாவப்பட்டுப் போட்ட சோறு இல்லடே. 1973-ல கிருஷ்ணய்யர் தலைமையில ஒரு குழு இதப் பத்தி மத்திய சர்க்காருக்கு அறிக்கை குடுத்துச்சு. 1976-ல அரசியல் சட்டத்துலயே 39-ஏன்னு ஒரு பிரிவச் சேத்தாவ: காசு இல்லங்கிறதுக்காக ஒருத்தனுக்கு நீதி இல்லாமப் போவக்கூடாதுன்னு. அதுக்குப் பொறவு 1987-ல சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். சட்டம் வந்துட்டா வேல நடந்துரும்னு நெனைக்காத. அது நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 ஆச்சு. நம்ம ஊர் வாய்தாவே தேவலன்னு தோணுதா? எனக்கும் அப்படித்தான் தோணிச்சு.

இப்ப நீ தேறுவியான்னு பாப்போம். அந்தச் சட்டத்துல 12-ஆம் பிரிவுதான் வாசப்படி. யாராரு உள்ள வரலாம்னு அதுல எழுதியிருக்கு. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வரலாம். நீ அதுல இல்ல. மாற்றுத் திறனாளி வரலாம். ஒனக்குக் கையும் காலும், அண்ணன் மண்டைய ஒடைக்கிற அளவுக்கு நல்லாவே இருக்கு. தொழிற்சாலைத் தொழிலாளி வரலாம். நீயும் ஒரு தடவை தீப்பெட்டி ஆபீசுல வேலைக்குச் சேந்த. தீவாளிக்கு முந்திச் சேந்து, போனஸ் கெடையாதுன்னு தெரிஞ்சதும் நின்னுட்ட. வெள்ளம், வறட்சி, பூகம்பத்துல சிக்குனவன் வரலாம். 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரவருணிக் கரையெல்லாம் முங்கி ஏரல் பக்கம் சனங்க தவிச்சாவ, அவுகளுக்கு அது. நிவாரண வரிசையில ரெண்டு தடவை நின்ன ஒனக்கு இல்ல. ஆள்கடத்தல்ல, கொத்தடிமையில சிக்குனவன் வரலாம். காவல்ல இருக்கிறவனும் வரலாம். நேத்து நீ அருவாளைத் தீட்டுன வேகத்தப் பாத்தா அந்தத் தகுதி ஒனக்குச் சீக்கிரம் வந்துரும். ஆனா அது கிரிமினல் கேசா இருக்கும், காட்டுக் கேசு அப்படியே கெடக்கும்.

இதுல எதுலயும் நீ இல்லன்னா கடைசியா ஒரு வாசல் இருக்கு, அது வருமானம். சட்டம் எழுதும்போது வருசத்துக்கு 9,000 ரூவாய்க்குக் கொறச்சலா இருக்கணும்னு போட்டு, மாநிலங்க இத ஒசத்திக்கிடலாம்னு விட்டாவ. தமிழ்நாட்டுல இப்ப 3 லட்சத்துக்குள்ள இருந்தாப் போதும். வழக்கு டெல்லி வர, உச்ச நீதிமன்றம் வரப் போச்சுன்னா அங்க 5 லட்சம்.

ஒடனே மொகம் மலருது பாரு. "நமக்கு வருமானம் 72,000தான மாமா, தாசில்தார் சான்று இருக்கு"ங்க. ஆமா மருமவனே, இருக்கு. மவனுக்கு உதவித்தொகை வாங்க இ-சேவை மையத்துல நின்னு வாங்குனது அது. எனக்கு நல்ல ஞாபகம். அதே வருசம் ரெண்டாவது குட்டியானை வாங்க பேங்குல லோன் போட்டியே, அங்க எழுதிக் குடுத்த வருமானம் எவ்வளவு? ஆறு லட்சம். சாட்சிக் கையெழுத்து நாந்தான் போட்டேன், மறந்துட்டியா? அதுக்கும் முந்தி, பொண்ணு பாக்கப் போன வீட்டுல காப்பி குடிச்சுக்கிட்டே "மாசம் எம்பதாயிரத்துக்குக் கொறையாது"ன்னு சொன்ன. பொண்ணு வீட்டுக்காரர் என்னையப் பாத்தாரு. நான் மிக்சரப் பாத்தேன்.

ஆக ஒரு ஆளுக்கு மூணு வருமானம். தாசில்தாருக்கு ஒண்ணு, பேங்குக்கு ஒண்ணு, மாமனாருக்கு ஒண்ணு. இதுல எத சட்டப்பணிகள் குழுவுக்குக் கொண்டு போவப் போற? சிரிக்காத. நம்ம ஊருல ஏழைக்குச் சட்ட உதவி கெடைக்காமப் போறதுக்குக் காரணம் சட்டம் இல்லடே. நெசமாவே ஏழையா இருக்கவன் வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல இருந்துருதான். வெக்கம் இல்லாதவன் மூணு சான்றோட வரிசையில மொதல் ஆளா நிக்கான். நான் சொல்லுதது யாரையின்னு கேக்காத.

ஒண்ணு சொல்லணும், சட்டம் ரொம்ப மரியாதையானது. "என் வருமானம் இவ்வளவு"ன்னு நீ ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுத்தாலே போதும்னு 13-ஆம் பிரிவு சொல்லுது. நம்பாம இருக்கக் காரணம் இருந்தாத்தான் தோண்டிப் பாப்பாவ. அந்தக் காரணத்த ஒங்க அண்ணன் கொண்டுபோயிக் குடுப்பானா மாட்டானா? ஒன் ரெண்டு வண்டி நம்பரும் அவனுக்கு மனப்பாடம். பொய் சொல்லி வாங்குனதுன்னு தெரிஞ்சா குடுத்த உதவியத் திருப்பி எடுத்துக்கிட விதி இருக்கு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னுதான சொல்லுவாவ? மனு மேல ஏழு நாளைக்குள்ள முடிவு சொல்லணும்னு 2010-ல போட்ட ஒழுங்குமுறையில இருக்கு. ஒரு நாள் மிச்சம் இருக்கு, முயற்சி பண்ணிப் பாரேன்.

வருமானம் சரின்னாலும் இன்னொரு கேள்வி கேப்பாவ: வழக்குல முகாந்திரம் இருக்கா? ஊரான் காட்டத் தன் காடுன்னு சொல்லுத வழக்குக்கெல்லாம் சர்க்கார் வக்கீல் வச்சுத் தராது. மேலோட்டமாப் பாத்தாலே இவன் பக்கம் ஏதோ நியாயம் இருக்குன்னு தெரியணும். ஒனக்கு இருக்கு, அத நான் ஒத்துக்கிடுதேன். ஒங்கப்பன் தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கி, வட்டிக்கு வாங்கி, தன் பேருல கிரயம் பண்ணுன காடு. உயில் எழுதாமப் போயிச் சேந்தாரு. ஒங்க அண்ணன் பட்டாவத் தன் ஒத்தப் பேருக்கு மாத்தி முள்வேலி போட்டுட்டான். பட்டா மாறினதால காடு மாறிராது, அது வரி கட்டுறதுக்கு உள்ள பேரு. கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, அப்பன் செத்த சர்டிபிகேட், வாரிசுச் சான்று, இதெல்லாம் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துக்க. வாரிசுச் சான்ற மட்டும் மடிச்சு அடியில வைக்க, ஏன்? சரி, அதுக்குப் பொறவு வாரேன்.

எங்கன போவணும்னு கேக்குதியா? கோவில்பட்டி கோர்ட்டு வளாகத்துலயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கு. மாவட்டத்துக்கு ஒரு ஆணைக்குழு, அதுக்கு மாவட்ட நீதிபதிதான் தலைவரு. ஐகோர்ட்டுக்குத் தனிக் குழு. எழுதத் தெரியாட்டாலும் வாயால சொன்னா எழுதிக்கிடுவாவ. போனுல கேக்கணும்னா 15100, காசு கெடையாது. மனுவத் தள்ளிட்டா தலைவருகிட்ட அப்பீல் பண்ணலாம். இதுக்கெல்லாம் கோர்ட்டு வாசல்ல டீக்கடைப் பெஞ்சுல உக்காந்திருக்க அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்கு ஐநூறு அழ வேண்டியதில்ல. அழுதாத்தான் திருப்தின்னா அது ஒன் பாடு.

வக்கீல் மட்டும் இல்ல, கோர்ட்டு பீசு, சம்மனுக்குக் கட்டுற பேட்டா, நகல் வாங்குற செலவு, பத்திரத்த மொழிபெயர்க்கிற செலவு எல்லாம் அதுல சேத்தி. இந்தக் கோர்ட்டு பீசச் சும்மா நெனைக்காத. பங்குக் காட்ட நீ அனுபோகத்துல வச்சுக்கிட்டே பிரிச்சுத் தரச் சொன்னா கட்டணம் கொஞ்சந்தான். "என்னைய வெளிய தள்ளிட்டான், காட்டுக்குள்ளயே விடல"ன்னு போனா ஒன் பங்கோட மார்க்கெட் மதிப்புக்குக் கட்டணும். 2017-க்கு முந்தி நூத்துக்கு ஏழரை ரூவா, இப்ப மூணு ரூவா. அண்ணன் வேலிக்குள்ள விடமாட்டேங்கான்னு நீ ஊரெல்லாம் ஒப்பாரி வச்சிருக்க. டீக்கடையில அழுத அழுகைக்கும் ஒரு வெல இருக்கு பாத்தியா.

இலவச வக்கீல் ஒழுங்காப் பேசுவாரான்னு ஒனக்கு ஒரு சந்தேகம். ஞாயமான சந்தேகம், பூசி மெழுக மாட்டேன். அவருக்குக் கெடைக்க மதிப்பூதியம் கொஞ்சம், கையில கட்டு நெறைய. சாதாரணமா மூணு வருசமாவது தொழில் பண்ணுனவரத்தான் குழுவுல சேப்பாவ, அதுல கெட்டிக்காரரும் உண்டு, தூங்கு மூஞ்சியும் உண்டு. காசு வாங்குத வக்கீல்லயும் அதே கணக்குத்தான். நீ என்ன பண்ணணும்னா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேருல போயி நில்லு. கேட்ட காயிதத்த மறுநாளே குடு. அவரு பெஞ்சு முன்னால எந்திரிக்கும்போது பின்னால ஒன் தலை தெரியணும். "ஜெயிச்சா எதாவது பாத்துச் செய்யி"ன்னு யாராவது கேட்டா குடுத்துராத. கட்சிக்காரன்கிட்ட அவரு கை நீட்டக்கூடாது, அது விதி. நீட்டுனா மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருகிட்ட எழுதிக் குடு. அவரும் ஒரு நீதிபதிதான். நீ எழுதிக் குடுக்க மாட்ட, நீயா கேக்காம நீட்டுத ஆளு. அதனாலதான் சொல்லி வைக்கேன்.

வருமானம் ஒதைக்கிறதால "பாப்பர் மனு போடலாமா மாமா"ன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காவ போல. அது வேற வழி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்துல 33-ஆம் கட்டளை. கோர்ட்டு பீசு கட்ட வக்கில்லாதவன் கட்டாமலே தாவா போடலாம். வக்கீல் இல்லன்னா கோர்ட்டே ஒருத்தர வச்சுக் குடுக்கலாம். அதுல ஒரு நல்ல அம்சம், வழக்குல உள்ள காட்ட ஒன் சொத்துன்னு கணக்குல சேக்க மாட்டாவ. அது ஒனக்கு இன்னும் கைக்கு வரலயே. ஆனா மிச்சமெல்லாம் சேப்பாவ. குட்டியானை ரெண்டு, வாசல்ல நிக்க புல்லட்டு, பொண்டாட்டி பேருல போட்டிருக்கன்னு நீ நெனைச்சுக்கிட்டு இருக்க சீட்டு, எல்லாத்தப் பத்தியும் விசாரணை. சர்க்கார் வக்கீலுக்கும் நோட்டீசு, ஒங்க அண்ணனுக்கும் நோட்டீசு. அவன் வந்து நின்னு ஒன் ஆட்டு மந்தைய எண்ணிச் சொல்லுவான், குட்டி உள்பட.

"வண்டிய மச்சான் பேருக்கு மாத்திட்டாப் போச்சு"ன்னுதான இப்ப யோசிக்க? கண்ணு போற போக்கே சொல்லுது. ஒன்னய மாதிரி ஆளுக்குன்னே 1908-ல எழுதி வச்சுட்டுப் போயிருக்கான் வெள்ளைக்காரன்: மனு போடுததுக்கு ரெண்டு மாசத்துக்குள்ள சொத்தக் கள்ளத்தனமா கைமாத்தி விட்டிருந்தா மனு தள்ளுபடி. நம்ம சாமர்த்தியம் எல்லாம் நூறு வருசத்துக்கு முந்தியே ஒருத்தன் பண்ணிப் பிடிபட்டதுதான் மருமவனே, புதுசா ஒண்ணும் இல்ல. அதோட, அந்த பீசு மாப்பும் இல்ல. ஜெயிச்சா கணக்குப் போட்டு சர்க்கார் வசூல் பண்ணிக்கிடும், தோத்தா ஒன் தலையில விழும்.

இப்ப அந்த வாரிசுச் சான்றுக்கு வருவோம்.

நீ கொல்லைப்பக்கமா வந்ததுக்கு உண்மையான காரணம் இதுதான, சொல்லு? "பொம்பளைக்கு வருமானக் கணக்கே கெடையாதாமே மாமா. தங்கச்சி பேருல கேசப் போட்டுட்டா வக்கீல் இலவசம், பீசு இலவசம். கையெழுத்து மட்டும் அவ போடட்டும், மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்." அடேயப்பா. இந்த மூளைய வண்டித் தொழில்ல வச்சிருந்தா இந்நேரம் லாரி வாங்கியிருப்ப.

நீ கேள்விப்பட்டது சரிதான். 12-ஆம் பிரிவுல பெண்ணுன்னு போட்டிருக்கு, அம்புட்டுதான். ஏழைப் பெண்ணுன்னு போடல, விதவைன்னு போடல. லட்சாதிபதி பொண்டாட்டியா இருந்தாலும் கேக்கலாம். கொழந்தைகளுக்கும் அப்படித்தான். ஆனா கையெழுத்துப் போடுதவ கண்ண மூடிக்கிட்டாப் போடுவா? அந்த வக்கீல் மொதக் கேள்வி என்ன கேப்பாரு? "ஒனக்கு எத்தனை பங்கு தாயி?"ம்பாரு. அங்கன ஆரம்பிக்கும் ஒனக்குச் சனி.

உயில் எழுதாமச் செத்த இந்து அப்பன் தன் சம்பாத்தியத்துல வாங்குன சொத்துக்கு, 1956 வாரிசுரிமைச் சட்டப்படி, மவன், மவ, பொண்டாட்டி எல்லாரும் மொதல் வகுப்பு வாரிசு. ஆளுக்கு ஒரே அளவு. தாத்தா சொத்தா இருந்தாலும் 2005 திருத்தத்துக்குப் பொறவு மவளுக்குப் பொறப்புலயே பங்கு உண்டு. அப்பன் 2005-ல உசுரோட இருந்திருக்கணும்னு கூடக் கட்டாயம் இல்லன்னு உச்ச நீதிமன்றம் 2020-ல தீத்துச் சொல்லிட்டு. ஒங்க தாத்தாதான் வரப்பத் தவிர ஒண்ணும் மிச்சம் வைக்கல, அதனால அந்தக் கதை நமக்கு வேண்டாம். ஒங்கப்பன் காட்டுக்கு நீ, அண்ணன், தங்கச்சி, ஒங்கம்மா. நாலு பேரு. நீ இத்தன நாளும் பாதி பாதின்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்த. எம்பது லட்சம் போவும்னா ஒனக்கு நாப்பது இல்ல, இருவது. சங்கடப்படாத, இதுலயும் ஒனக்கு ஒரு லாபம் இருக்கு: நாப்பது லட்சத்துக்கு 1,20,000 ரூவா பீசு கட்டணும், இருவதுக்கு 60,000 போதும்.

"அவளுக்குத்தான் நகை போட்டாச்சு, சீரு செஞ்சாச்சு"ம்ப. செஞ்சிய, நான்தான் தட்டுத் தூக்கிட்டுப் போனேன். போட்ட நகையில பாதி ஒன் மொத வண்டிக்கு அடமானத்துக்குத் திரும்பி வந்ததும் எனக்குத் தெரியும். சீரு செஞ்சா பங்கு போயிரும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. அவளா மனசு வச்சு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தாத்தான் உண்டு. போன ஆடியில நீயும் ஒங்க அண்ணனும், சண்டைதான் நடக்குன்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டு, அதுல மட்டும் ஒத்துமையா ஒரே வண்டியில போயி அவகிட்ட அந்தக் கையெழுத்தக் கேட்டிய. அவ ரெண்டு பேருக்கும் சாப்பாடு போட்டு அனுப்பிட்டா. விவரமானவ.

அவள விட்டுட்டு நீயும் அண்ணனும் மட்டும் கோர்ட்டுல பிரிச்சுக்கிடலாம்னும் நெனைக்காத. பங்கு உள்ள எல்லாரையும் சேக்காத பாகப்பிரிவினைத் தாவா நிக்காது. வாதியா இல்லாட்டா எதிர்வாதியாவாவது அவ வந்தாவணும், ஒங்கம்மாவும் வந்தாவணும். எதிர்வாதியா வந்தாலும் அவுகளுக்கு இலவச வக்கீல் உண்டு. வழக்குப் போடவும் உண்டு, எதுத்து நிக்கவும் உண்டுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. ஆக ஒங்க வீட்டுல இந்த உதவிக்கு ஒரு கேள்வியும் இல்லாமத் தகுதி உள்ளவுக ரெண்டே பேரு. ரெண்டு பேரையும் நீ பங்குல சேக்கல.

புத்தி இருந்தா மக்கள் நீதிமன்றத்துக்குப் போங்க. அங்கன நாலு பேரும் உக்காந்து பேசி முடிச்சா கட்டுன கோர்ட்டு பீசும் திரும்பி வரும், அந்தத் தீர்ப்புக்கு அப்பீலும் கெடையாது. அப்பீல் கெடையாதுங்கிறது ஒங்க வகையறாவுக்குப் பெரிய நட்டம், எனக்குத் தெரியுது. தாத்தா ஆவி சாந்தி அடையாது.

என்ன எந்திரிக்க? ஒக்காரு, இன்னும் ஒண்ணு பாக்கி. நான் ஒனக்கு மட்டும் மாமன் இல்ல, ஒன் தங்கச்சிக்கும் மாமந்தான். ஒங்கம்மா எனக்குக் கூடப் பொறந்த அக்கா. அவுக ரெண்டு பேரும் போன வாரமே கோவில்பட்டிக்குப் போயி மனுக் குடுத்துட்டு வந்தாச்சு. வருமானம் எவ்வளவுன்னு யாரும் கேக்கல, வக்கீலும் போட்டாச்சு. பஸ்சுக்கு யாரு கூட்டிட்டுப் போனான்னு நீ விசாரிக்க வேண்டாம். ஒனக்கும் அண்ணனுக்கும் சம்மன் வரும், வந்தா கையெழுத்துப் போட்டு மரியாதையா வாங்கிக்க. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தா கோர்ட்டு சேவகர் கதவுல ஒட்டிட்டுப் போயிருவாரு, அதையும் சார்வு ஆனதாவே கோர்ட்டு எடுத்துக்கிடும்.